ஆய்வுகூடத்தில் முளைத்த கைராசி

யதுர்ஷிகா வவுனியாவுக்கு நுண்ணுயிரியல் படிக்கப் போகும்போது சாதாரண மனிதப் பிறவியாகத்தான் போனாள். இரண்டாம் வருடத்தில் விசுவமடுவுக்கு வந்தவள் வேலிப் படலையை முழங்கையால் திறந்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் மாங்குளம் வரை நின்று, வழியில் ஏழு பேரின் மடியில் விழுந்தெழும்பியிருந்தாள். வீட்டு நாயும் அவளைக் கண்டால் தானாகவே ஆறடி தள்ளிப் படுக்கப் பழகிக்கொண்டது.

ஊர் இதையெல்லாம் பொறுத்தது. சிவலட்சுமி மாமிதான் பொறுக்கவில்லை. மாமி, யதுர்ஷிகாவின் அப்பா சிற்றம்பலத்தின் தமக்கை. காலபோக விதைப்புக்கு அவர் கையால் முதற்பிடி நெல் விழுந்தால் தார் றோட்டிலும் கதிர் வரும் என்பது ஊரின் முடிவு. அவர் தும்மிய இடத்தில் பூசணி காய்த்ததாகச் சொல்கிறவர்கள் பூசணியின் நிறையையும் சேர்த்தே சொல்வார்கள்.

அந்த மாமி ஒருநாள் சோற்றையும் மீன்குழம்பையும் குழைத்து, உருண்டை பிடித்து நீட்டினார்.

“மாமி, கை கழுவினீங்களோ? சோப் போட்டு, இருவது செக்கன்?”

உருண்டை அந்தரத்தில் நின்றது.

“என்ரை கையிலை என்னடி குறை?”

“கிருமி, மாமி. கோடிக்கணக்கிலை.”

மாமி உருண்டையைத் திரும்பச் சட்டிக்குள் போட்டு, பக்கத்திலிருந்த அப்பாவைப் பார்த்தார். “தம்பி, இந்த முறை உன்ரை வயலுக்கு வேறை கை பார்.”

அப்பாவின் முகம் இருண்டது. “எடி பிள்ளை, பத்து நாளிலை மழை. அக்கா முதற்பிடி போடாமல் நான் ஒரு நெல்லும் விதைக்கமாட்டன். குழப்பினது நீ. நீயே சரிப்பண்ணு.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கையில் விஞ்ஞானம் இருக்கும்போது மன்னிப்பு எதற்கு? கிருமியைக் கண்ணால் கண்டால் மாமி தானே மனம் மாறுவார் என்று யதுர்ஷிகா நம்பினாள். மறுநாள் காலை இரண்டு மூடிக் கிண்ணங்களோடு மாமி வீட்டுக்குப் போனாள். அடியில் கிருமி வளர்க்கும் கூழ் உறைந்திருந்தது.

“இதிலை கையை வையுங்கோ. ஒண்டும் முளைக்காட்டி உங்கடை காலிலை விழுறன்.”

“கொண்டா!” மாமி ஊர் விதானையார் கடிதத்தில் முத்திரை குத்துவதுபோல ஐந்து விரலையும் குத்தினார். மற்றதில், ஆஸ்பத்திரி மணக்க மணக்கக் கிருமிநாசினியால் கை துடைத்துவிட்டு யதுர்ஷிகா தன் விரல்களைப் பதித்தாள்.

கிண்ணங்கள் ஆய்வுகூடம் போய், அடுத்த சனிக்கிழமை ஒட்டி மூடியபடி திரும்பி வந்தன. மாமியின் கிண்ணத்தில் மஞ்சளும் வெள்ளையும் ரோசாவுமாய், விரல் வைத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாய் நெருக்கியடித்து வளர்ந்திருந்தது.

“பாருங்கோ மாமி! உங்கடை கையாலை வந்தது.”

மாமி அதை வெளிச்சத்தில் பிடித்தார். கண் கலங்கியது.

“இவ்வளவுமோ? உயிரோடையோ?”

“ஓம். எல்லாம் உயிர்.”

“தண்ணி விட்டனியோ?”

“இல்லை.”

“பசளை?”

“இல்லை மாமி, அது வந்து...”

“தண்ணியுமில்லை, பசளையுமில்லை! தம்பி, ஓடி வா! யூனிவசிற்றியே ஒத்துக்கொண்டிட்டுது!”

யதுர்ஷிகா வாயைத் திறந்தாள். ஓடிவந்த அப்பா அவள் காலை மிதித்தார். அரை மணித்தியாலத்தில் கிண்ணம் பதினாலு வீடு பார்த்தது. “திறக்காதேங்கோ!” என்று கத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். கிண்ணத்துக்குள் பிள்ளையார் தெரிவதாக மூன்று பேர் சத்தியம் பண்ணினார்கள்.

“அப்ப இது ஆரின்ரை?” மாமி மற்றக் கிண்ணத்தைத் தூக்கினார். ஒரு புள்ளியும் இல்லை. வெறுங்கூழ்.

“என்ரை,” என்றாள் யதுர்ஷிகா, பெருமையாக.

மாமி அதை மெல்லக் கீழே வைத்தார். “ஐயோ, என்ரை பிள்ளை... ஒண்டுமே முளைக்கேல்லையே.”

மறுநாள் மாமி கடகப் பெட்டியில் விதைநெல்லோடு வயலில் இறங்கினார். யதுர்ஷிகா வரம்பில் கால் வைத்ததுதான் தாமதம்.

“நில்லடி! அங்கினை றோட்டிலை நில்!”

“இன்னும் கொஞ்சம் தள்ளு பிள்ளை,” என்றார் அப்பா. “காத்து இஞ்சாலை அடிக்குது.”

அவள் தள்ளி நின்றாள். கத்தரிக் கன்றுகளைச் சுமந்துகொண்டு அவ்வழியே வந்த அயல்வீட்டுச் சுரேகா, அவளைக் கண்டதும் கன்றுகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, றோட்டின் மற்றக் கரையால் விறுவிறென்று நடந்து போனாள்.