ஜாகா

ஒரு மலாய்ச் சொல்லுக்குச் சரியான தமிழ் கிடைக்காமல் ரூபினி அந்த வாரம் முழுக்கத் திண்டாடினாள். புதிய சட்டத்தில் வரும் சொல் அது: 'ஜாகாஆன்'. மின்சிகரெட்டில் ஊற்றி இழுக்கும், மயக்க மருந்து கலந்த வேப் திரவம் ஒருவருடைய சொந்தப் பொருளாக இருந்தாலும் சரி, வெறுமனே அவருடைய ஜாகாஆனில் இருந்தாலும் சரி, தண்டனை ஒன்றுதான் என்றது சட்டம். முன்பெல்லாம் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். இனிமேல் கட்டாயச் சிறை.

அந்தத் திரவத்துக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடிப் பையன்கள் வைத்திருந்த பெயர் சொக்குத்தண்ணி. மாம்பழ வாசம், திராட்சை வாசம் என்று சின்னச் சின்னக் குப்பிகளில் வரும். மேல்மாடி புவனேஸ்வரன் அதை இழுத்துவிட்டு மாடிப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. கண் திறந்தபடியே இருந்ததால் ஆள்கள் அவனைத் தாண்டித் தாண்டி இறங்கிப் போயிருக்கிறார்கள். ரூபினியும் வேலைக்குப் போகும் அவசரத்தில், "தள்ளி உக்காருப்பா" என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள். அவன் இறந்து கிடக்கிறான் என்று தெரிந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கோகுலன் அண்ணன் இயக்கம் ஆரம்பித்தார். அவர் ரூபினியின் பெரியம்மா மகன். தண்டனையைக் கடுமையாக்கு என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார், சட்டை அச்சடித்தார், கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசினார். சட்டம் நிறைவேறியதும், அதை மக்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதும் வேலையை ரூபினியிடம் கொடுத்தார். அவள் பகலில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். மாலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடையின் மாடியில் மொழிபெயர்ப்பு வகுப்புக்குப் போனாள். ஒரு சொல்லைப் போட்டால் அதை இரண்டு அகராதியில் பார்ப்பாள். பார்த்த பிறகும் சந்தேகம் தீராது.

வகுப்பு முடிந்ததும் அண்ணன்தான் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். அன்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை வரி வரியாக விளக்கிவிட்டு அவரிடமே கேட்டாள்.

"அண்ணே, 'பாதுகாப்பு'ன்னு போட்டா போலீஸ் பாதுகாப்பு மாதிரி இருக்கு. 'பொறுப்பு'ன்னு போட்டா கோயில் கமிட்டி மாதிரி இருக்கு. 'வசம்'னு போடவா?"

"வசமா? யாருமா வீட்டுல வசம்னு பேசறா?" கோகுலன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் அழுத்தினார். "ஜாகான்னு போடுலா. பாசார்ல பையை ஜாகா பண்ணு, கீழ மோட்டாரை ஜாகா பண்ணு, புள்ளைய ஜாகா பண்ணு. நம்ம வாயில எந்நேரமும் அதுதானே ஓடுது."

"அது தமிழ் இல்லையே அண்ணே."

"புரியறதுதான் தமிழ். நீ மாடி ஏறிப் படிச்சுப் படிச்சுக் கெட்டுப் போய்ட்டே."

அவர் சொன்னது சரிதான். தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் காவலாளிகூட அவர்களுக்கு ஜாகாதான். ரூபினி அப்படியே எழுதினாள்: 'அடுத்தவர் பொருளை நீங்கள் ஜாகா செய்தாலும் குற்றம் உங்களுடையதே.' அடியில் பெரிய எழுத்தில் தானே யோசித்து ஒரு வரி சேர்த்தாள்: 'எனக்குத் தெரியாது என்பது பதில் ஆகாது.' அண்ணன் அதைப் படித்துவிட்டுத் தொடையில் தட்டினார். மின்தூக்கிப் பக்கம், அஞ்சல் பெட்டிகளுக்கு மேல், ரூபினி வீட்டுக் கதவில் என்று அந்த வரி எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது. போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் படித்தாள். எழுத்துப் பிழை இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துண்டறிக்கைக் கட்டுகளும் சட்டைப் பெட்டிகளும் ரூபினி வீட்டு ஹாலில்தான் அடுக்கியிருந்தன. ஒரு சாயங்காலம் அண்ணன் இன்னொரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன வீடா, கிடங்கா?" என்றாள் அம்மா. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தாள்.

"சித்தி, உங்க மகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பப் போறேன். அங்க கிடங்கு பெருசா இருக்கும்."

"மொதல்ல அவளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வழியைப் பாரு."

அண்ணன் சிரித்துக்கொண்டே பெட்டியை மற்றப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். "சட்டைதான் ரூபி. பாலிக் புலாவ்ல கூட்டம் இருக்கு, போறப்ப எடுத்துக்கலாம். இங்கேயே இருக்கட்டும்."

"சரிண்ணே, நான் ஜாகா பண்ணிக்கறேன்."

வாசல் வரை போனவர் திரும்பினார். "ஐயோ, அந்த வார்த்தையே வேணாம்லா. போலீஸ் புடிச்சிக்கும். சும்மா இருக்கட்டும், போதும்."

மூவரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை போலீஸ் வந்தது. நேராகப் பெட்டிகளிடம் போனார்கள். அந்தப் பெட்டியைக் கிழித்தபோது மேலே சட்டைகள் இருந்தன. சட்டைகளுக்கு அடியில் மாம்பழப் படமும் திராட்சைப் படமும் போட்ட குப்பிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ரூபினி குனிந்து பார்த்தாள். முதலில் நினைவுக்கு வந்தது புவனேஸ்வரனின் திறந்த கண்தான்.

"யாருடையது?" என்று ஓர் இளம் போலீஸ்காரர் மலாயில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றாள் மலாயில். சொன்ன நொடியிலேயே அது தன் வரி என்று உறைத்தது. போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும், கதவில் ஒட்டியிருந்ததை அவர் படித்துவிட்டது போல அவளுக்குக் கூசியது. அவசர அவசரமாகச் சேர்த்தாள்: "என்னுடையது இல்லை. நான் சும்மா ஜாகாதான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். மலாயில் 'ஜாகா'வுக்கும் 'ஜாகாஆனு'க்கும் நடுவே தூரமே இல்லை என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் பாசார் பையைச் சொல்வது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போலீஸ் நிலையத்தில் அவளை விசாரித்தவர் இன்ஸ்பெக்டர் நூருல். குரலை உயர்த்தவில்லை, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பேச்செல்லாம் மலாயில்தான்.

"யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா?"

"என் அபாங்குக்கு" என்றாள் ரூபினி. மலாயில் அண்ணனுக்கு அதுதான் சொல். சிறு வயதிலிருந்தே மலாய்த் தோழிகளிடம் கோகுலனை அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். பெட்டியைக் கொடுத்தது யார் என்று கேட்டபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. யாரோ அண்ணனை ஏமாற்றிச் சட்டைக்கு அடியில் வைத்து அனுப்பியிருப்பார்கள். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அதற்கு முன்னால் தான் உளறி அவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

அவர் ஏற்கெனவே வந்திருந்தார். இன்னோர் அறையிலிருந்து தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் ரூபினிக்கு அழுகை முட்டியது. நடைபாதையில் அவளைக் கழிவறைக்கு அழைத்துப் போனபோது எதிரில் வந்தார்.

"பயப்படாதே ரூபி. லாயர் பாக்கறேன்."

"அண்ணே, அந்தப் பெட்டி…"

"ஒண்ணும் பேசாதே. எல்லாம் லாயர் வந்து பேசிக்குவாரு." பக்கத்தில் இருந்த பெண் போலீசைப் பார்த்துத் தலையசைத்தார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமாக லாயரைத் தேடிப் போகிறார் என்று ரூபினி நினைத்துக்கொண்டாள்.

அம்மாவைப் பார்க்க விட்டார்கள். தொழிற்சாலைச் சீருடையை மாற்றாமலே ஓடி வந்திருந்தாள். உட்கார்ந்ததும் ரூபினியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் பேசினாள்.

"அவன் பேரை இழுக்காதேடி."

"யாரு பேரை?"

"பெரியம்மா என் காலைப் பிடிச்சு அழுவுறா. அவனுக்கு முன்னமே ஒரு கேஸ் இருக்காம். இதுலயும் மாட்டுனா வெளிய வரவே மாட்டான். நீ சின்னப் பொண்ணு, மொதல் தடவை. ரெண்டு அட்வைஸ் பண்ணி விட்டுருவாங்க."

ரூபினி கையை மெல்ல உருவிக்கொண்டாள். "என்ன கேஸ்மா?"

அம்மா மேசையைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"அது பழசு. ஜொகூர்ல இருந்தப்ப. இதே மாதிரி சாமான்தான். பொண்ணு பாக்கற நேரம், வெளிய சொல்லாதேன்னு பெரியம்மா கேட்டுக்கிட்டா. திருந்திட்டான்னுதான் நெனச்சேன். இயக்கம் அது இதுன்னு நல்லாத்தானே இருந்தான்."

"திருந்திட்டார்னு நெனச்சே. பெட்டிய நம்ம வீட்டுல வச்சப்பயும் அப்படித்தான் நெனச்சியா?"

"உன்னை விட்டுருவாங்கடி. ஒரு பொண்ணப் போயி…"

"விட மாட்டாங்கம்மா. அந்தச் சட்டத்தைத் தமிழ்ல எழுதினதே நான்தான்."

அம்மா முந்தானை இல்லாத சீருடையில் கண்ணைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் கையாலேயே துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுபடி இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்தபோதும் ரூபினி அண்ணனுக்காக ஒரு வாசலைத் திறந்தேதான் வைத்திருந்தாள். பழைய கேஸ் இருப்பது ஒன்று, இது வேறொன்று. பயத்தில் எதையும் சொல்லாமல் போயிருக்கலாம். தான்தான் அவசரப்பட்டுத் தப்பாக நினைக்கிறோமோ?

"நீ அபாங் என்று சொன்னது கோகுலனைத்தானே?" என்றார் நூருல். "நேற்று அவரை விசாரித்தோம். அவர் பெட்டி தூக்கிப் போவதைப் பார்த்ததாக எங்களுக்குத் தகவல் வந்திருந்தது. அவர் இடத்தில் ஒன்றும் இல்லை. உன் வீட்டைக் காட்டியது அவர்தான்."

ரூபினி தண்ணீர்க் குவளையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"இன்று மறுபடி வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார். பெட்டிகள் எல்லாம் ரூபினிதான் ஜாகா, உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும் என்றார்."

"அந்தச் சொல்லையா சொன்னார்?"

"எந்தச் சொல்?"

"ஜாகா. அவர் வாயால் சொன்னாரா, நீங்கள் அப்படி எழுதிக்கொண்டீர்களா?"

நூருல் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அவர் சொன்னதுதான். திரும்பத் திரும்பச் சொன்னார்."

ரூபினிக்கு வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. வாசல் வரை போனவர் திரும்பி நின்று, அந்த வார்த்தையே வேணாம்லா என்றது. பாசார் பைக்கும் மோட்டாருக்கும் பிள்ளைக்கும் எந்நேரமும் அந்தச் சொல்லைப் போடுகிற மனிதர், அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் அதைப் போடவில்லை. அவள் போட்டதையும் எடுத்துவிட்டார். விளையாட்டு என்று அவள் சிரித்தாள். அவளிடமிருந்து எடுத்த சொல்லைத்தான் இங்கே கொண்டுவந்து பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் எடை என்ன என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவருக்கு வரி வரியாக விளக்கியவளும் அவள்தான்.

அவளுக்குள் திறந்திருந்த வாசல் அப்போது சாத்திக்கொண்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"கடைசியாகக் கேட்கிறேன்" என்றார் நூருல். "சும்மா ஜாகாதான் என்று நீயும் சொல்லியிருக்கிறாய். தன் சொந்தப் பொருளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. யாருடையதை ஜாகா செய்தாய்?"

பெரியம்மா முகம் வந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முகமும் வந்தது. அவற்றுக்குப் பின்னால் மாடிப்படியில் சாய்ந்திருந்தவன். அவனைத் தாண்டிப் போனவர்களில் அண்ணனும் உண்டா என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

"கோகுலனுடையது" என்றாள். "அவர்தான் கொண்டுவந்து வைத்தார். சட்டை என்று சொன்னார்."

அண்ணன் சேர்க்காமல் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு ஒரு படி தவறி இறங்கியது போலிருந்தது.

நூருல் தட்டச்சு செய்தார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இதனால் நீ வெளியே போய்விடலாம் என்று நினைக்காதே. அவரைக் கொண்டுவருவோம். ஆனால் பெட்டி உன் வீட்டில் இருந்தது. அதற்கு நீதான் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்."

"தெரியும்" என்றாள் ரூபினி.

"அவர் உனக்கு என்ன உறவு? அபாங் என்றால் கூடப் பிறந்தவரா?"

எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கூடப் பிறக்கவில்லை, ஆனாலும் அபாங்தான், எங்களில் பெரியம்மா மகனும் அண்ணன்தான் என்று அவள் ஒவ்வொரு முறையும் நின்று விளக்கியிருக்கிறாள். அந்த உறவுக்கு மலாய்க்காரர்கள் வேறு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா மகன், அத்தை மகன், பெரியம்மா மகன், எல்லாரையும் ஒரே தூரத்தில் நிறுத்தும் சொல். வகுப்பில் அதற்குத் தமிழ் தேடியபோது கிடைக்கவில்லை. நமக்கு அப்படி ஒரு உறவே இல்லை என்று எழுதி வைத்திருந்தாள்.

"இல்லை" என்றாள். "செப்புப்பு."

நூருல் அதைத் தட்டச்சு செய்தார்.