இடது பக்க விளக்கு

ஹெட்லைட் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள்: ஒரு விரல், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், விளக்கு எரியும்போது அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பு சீக்கிரமே போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எப்போதும் துணியைச் சுற்றித்தான் பிடிப்பேன். கடைசியாக மாற்றிய அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தேனா? என் புருஷன் செத்ததிலிருந்து நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் வேலை. பிக்கப் வண்டியின் முன்மூடியைத் தூக்கினால் விளக்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கை நுழையத்தான் இடம் இருக்கும். என் புருஷன் மன்போக்கின் கை முட்டைக்கோஸ் அளவுக்கு இருக்கும், மணிக்கட்டோடு நின்றுவிடும். "உன்னைக் கடவுள் படைச்சதே பல்பு மாத்தத்தான். மத்ததெல்லாம் போனஸ்" என்று பக்கத்தில் நின்று கேலி பேசுவார். நான் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். கண்ணால் பார்க்காமல் கையாலேயே தடவித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒயர் கனெக்டரை உருவு, ரப்பர் மூடியைக் கழற்று, கம்பிக் கொக்கியைத் தள்ளு, பழைய பல்பை எடு, புதியதை வை, எல்லாவற்றையும் திரும்ப மாட்டு. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வேன்.

கொரியாவின் தேக்வல்யோங் மலையில் கோடை முழுக்க முட்டைக்கோஸ், குளிர்காலம் முழுக்க மீன். கடற்கரையிலிருந்து வரும் ம்யோங்தே மீனைப் பனியில் தொங்கவிட்டுக் கருவாடாக்குவது எங்கள் தொழில். ஏற்றுவதும் இறக்குவதும் அந்த பிக்கப்பில்தான். முட்டைக்கோஸ் பருவம் முடியப்போகும் நேரத்தில் இடது விளக்கு போனது. நான் புதுப் பல்பு போட்டேன், எரிந்தது. அடுத்த வாரமே மன்போக் கடைசிச் சுமையை இறக்கிவிட்டு மாலையில் மலை ஏறிக்கொண்டிருந்தார். மூடுபனி. எதிரே ஒரு பெரிய லாரி வந்தது. அந்த லாரிக்காரன் போலீஸில் சொன்னது இதுதான்: "ஒத்தை லைட்தான் தெரிஞ்சுது. ஓரமா மோட்டார் சைக்கிள் வருதுன்னு நெனச்சு வளைவுல உள்ள வெட்டிட்டேன்." நெருக்கத்தில் வந்த பிறகுதான் அது முழு வண்டி என்று தெரிந்திருக்கிறது. எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகத்தான் போகும்; மன்போக் இன்னும் வலது பக்கம் ஒடித்தார். வலது பக்கம் பள்ளம்.

எரியாமல் இருந்தது இடது விளக்கு. நான் பல்பு போட்ட விளக்கு.

துக்க வீட்டில் என் மாமியார் அழவில்லை. வந்தவர்கள் முன்னால் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இதான். இந்தக் கைதான். சர்ச்சுல கும்பிடுற கை. அவசரக் கை." வந்தவர்கள் என் விரல்களைப் பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெட்டியில் இருக்கும் விரல் படம் தெரியும். சியோலிலிருந்து வந்த என் மகள் ஹெரின் மட்டும் "பாட்டி, விடுங்க" என்றாள். விட்டாள். அதற்குப் பிறகு என் முகத்தை மாமியார் பார்க்கவே இல்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, நேருக்கு நேர் உட்கார்ந்து பூண்டு உரிப்போம், அவள் பேசுவதெல்லாம் பூண்டிடம்தான்.

நானும் அவளை மறுக்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு ஓடிவந்து பல்பு மாற்றினேன். கையைத் துடைத்தேனா, துணியைச் சுற்றினேனா, எவ்வளவு யோசித்தாலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் முட்டி போட்டு அந்த விரலுக்காகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரசங்கம் என்ன என்று கேட்டால் ஒரு வார்த்தை தெரியாது.

பனி விழும் முன் வண்டி வேண்டும். மீன் சுமை வரப்போகிறது, இனி ஓட்ட வேண்டியவள் நான். கராஜ் வைத்திருக்கும் நோ, மன்போக்குக்குத் தம்பி மாதிரி, வலது பக்கத்தை முழுதாகச் சரிசெய்து, வலது விளக்கையே புதிதாகப் போட்டு வண்டியை வாசலில் கொண்டுவந்து விட்டார். "அண்ணி, இடது பக்கம் அடியே படல. ஆனா லைட் எரியல. பல்பு ஒண்ணு போட்டுடவா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"பல்ப மட்டும் குடுங்க. நானே போடுறேன்."

"எதுக்கு அண்ணி?"

"குடுங்க தம்பி."

எதற்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அந்தப் பழைய பல்பை என் கையால் எடுத்து என் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடியில் கறுப்பாக, விரல் பட்ட இடம் தெரியும் என்பார்கள். தெரிந்தால் தெரியட்டும். தெரியாமல் இப்படிச் சாவதைவிட அது மேல்.

மறுநாள் பிற்பகல் வண்டியின் முன்மூடியைத் தூக்கினேன். மாமியார் சமையலறை வாசலில் உட்கார்ந்து முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "இந்தத் தடவையாவது கையத் துடைச்சுக்கிட்டுத் தொடட்டும்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே விட்டேன். விளக்குக்குப் பின்னால் இருக்க வேண்டிய கனெக்டர் இல்லை. இன்னும் கீழே தடவினேன். காய்ந்து சொரசொரவென்று ஏதோ விரலில் பட்டது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கையை இழுத்துக்கொண்டேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கருவாடு. முழு ம்யோங்தேக் கருவாடு, தலையோடு, வாய் பிளந்து. உடம்பைச் சுற்றி வெள்ளை நூல் கற்றை. அந்த நூலை ஒயரில் முடிச்சுப் போட்டு மீனைத் தொங்கவிட்டிருந்தது. மீனின் கண் விளக்கு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முடிச்சுக்கு மேலே, பல்பிலிருந்து உருவப்பட்டு, கனெக்டர் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் என் கை அளவுக்குச் சின்னக் கை இன்னும் ஒன்றுதான் உண்டு.

பல்பைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கறுப்பு இல்லை, புகை இல்லை, உள்ளே இழை அறுபடாமல் இருந்தது. அதைத் திரும்ப வைத்து, நூலை அறுத்து, கனெக்டரை அழுத்தி மாட்டிவிட்டு உள்ளே ஏறி ஸ்விட்சைப் போட்டேன். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. என் பல்புதான். அது போகவே இல்லை. மேடு பள்ளத்தில் ஆடி ஆடி அந்த மீன்தான் ஒயரைப் பிடுங்கியிருக்கிறது. வண்டி கவிழ்ந்தபோது பிடுங்கிக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. லாரிக்காரன் ஒற்றை விளக்கைப் பார்த்தது அதற்கு முன்னால்.

என் கை இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. உடனே கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பி வந்தது. விளக்கை அணைத்தேன். கருவாட்டை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனேன். மாமியாரின் மூக்குக்கு நேரே நீட்டிச் சொல்ல வேண்டியதை எல்லாம் வாயில் தயாராக வைத்திருந்தேன். உங்க மகனைக் கொன்னது எந்தக் கைன்னு இப்பப் பாருங்க. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அவள் உப்புக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் மீனை வாங்கிக்கொண்டாள். குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினாள். முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள்.

"பாரு, கண்ணு தெறந்தபடியே இருக்கு" என்றாள். துக்க வீட்டுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அந்தப் பக்கம் கண்ணாடில ஒரு கீறல் இல்ல பாத்தியா. இது பாத்துக்கிட்டிருந்துச்சு. வலப்பக்கம்தானே நசுங்கிச்சு. அங்க பாக்க ஒண்ணும் இல்ல."

நீட்டிய கையை இறக்கினேன்.

"அவனுக்கு இது மூணு வருஷக் கண்டம். குறி சொல்றவ ரெண்டு வெக்கச் சொன்னா, வண்டிக்கு ரெண்டு கண்ணு, ரெண்டுக்கும் ஒவ்வொண்ணு. நீ கடைசியா பல்பு மாத்தின மறுநாள் வெச்சேன், நான்தான் ஒண்ணோட நிறுத்திட்டேன். ஒண்ணு வெச்சா உன் கண்ணுல படாது, ரெண்டு வெச்சா எப்படியும் பட்டுடும்னு நெனச்சேன்." மீனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு வெச்சிருந்தா என் புள்ள இருந்திருப்பான், ஹெரின் அம்மா. உன்னச் சொன்னேனே, உன்னச் சொன்னேனே. நானும்தான்."

என் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்த வண்டி வாங்கிய புதிதில், ஊர் வழக்கப்படி சக்கரத்துக்கு அரிசிக் கள் ஊற்றி, நூல் சுற்றிய கருவாட்டைச் சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்தாள். கண் மூடாத மீன், கெட்டது வந்தால் பார்த்துவிடுமாம். நான் சர்ச்சிலிருந்து வந்து அதை அவிழ்த்து, நூலைக் குப்பையில் போட்டுவிட்டு, மீனை அடித்துப் பிய்த்துச் சூப் வைத்தேன். மன்போக் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ரெண்டு கிண்ணம் குடித்தார். அவள் அந்தச் சூப்பைத் தொடவில்லை. அதனால்தான் இந்தத் தடவை மீன் யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது.

அவள் எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கருவாட்டை எடுத்துவந்தாள். நூல் சுற்றித் தயாராக இருந்தது.

"இது வலப்பக்கத்துக்கு. ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுக்குப் போனதும் வெக்கலாம்னு இருந்தேன். இனிமே ஓட்டப்போறது நீதானே. ஒருத்தனக் குடுத்தாச்சு, போதும். நீ திட்டினாலும் பரவாயில்ல, ரெண்டையும் வெச்சிடலாம். உள்ளார கை போக உனக்குத்தான் சுளுவா இருக்கும்."

என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் வைப்பாள். எனக்குத் தெரியாமல் வைப்பாள், இன்னும் இறுக்கமாக முடிச்சுப் போடுவாள். உள்ளதைச் சொன்னால் அதை அவள் சாகும்வரை சுமப்பாள். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. நான் ஒன்றும் மகான் இல்லை.

"மீனால ஒண்ணும் ஆகல அத்தை" என்றேன். "ஒண்ணு வெச்சாலும் ரெண்டு வெச்சாலும் அதேதான். பல்பப் பாத்தேன். கண்ணாடில கறுப்பா இருந்துச்சு. என் விரல்தான்."

அவள் நீட்டிய மீனைக் கீழே இறக்கினாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப மீன் மேல குத்தமில்ல."

"இல்ல."

அவள் தோள் இறங்கியது. மூச்சு வெளியே வந்தது. ஆளே கொஞ்சம் வயது குறைந்தவள் மாதிரி ஆனாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"லைட்டுப் பக்கம் வெக்க வேணாம் அத்தை, ஒயரெல்லாம் சூடாகும். ரெண்டையும் சீட்டுப் பக்கத்துல கட்டுங்க. எனக்குப் பக்கத்துலயே உக்காந்து ரோட்டப் பாக்கட்டும்."

"சூப் வெக்க மாட்டியே?"

"வெக்க மாட்டேன்."

அவளே வண்டியில் ஏறி இரண்டையும் கட்டினாள். முடிச்சு முடிச்சாகப் போட்டாள். கட்டி முடிப்பதற்குள் மலையில் வெளிச்சம் மங்கி, மூடுபனி வேலியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. "போடு பாப்போம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். பல்பு மாற்றினால் முன்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது மன்போக்கின் வேலையாக இருந்தது.

நான் ஸ்விட்சைப் போட்டேன். மூடுபனியில் அவள் முழுசாக வெளிச்சத்தில் நின்றாள். நெற்றியில் கையை வைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு இடது பக்கத்தைப் பார்த்தாள், வலது பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி இடது பக்கம் வந்தாள்.

"எரியுதா அத்தை?"

"எரியுது. ரெண்டும் எரியுது." குனிந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் புதுப் பல்பு நல்லா இருக்கு. பழசு மாதிரி இல்ல."

நோ கொடுத்த புதுப் பல்பு என் கோட்டுப் பையில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அவள் நான் இறங்குகிற பக்கமாக வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"போகட்டும். வேணும்னா செஞ்ச? அவசரத்துல பட்டிருக்கும். நான் மனசுல வெச்சுக்கல, நீயும் வெச்சுக்காத." என் கையைப் பிடித்தாள், துக்க வீட்டில் தூக்கிக் காட்டிய அதே கையை. "கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

விளக்கை அணைத்தேன். பெட்டியைப் பையின் அடியில் நன்றாக அமுக்கிவிட்டு இறங்கினேன். கையைக் கழுவிக்கொண்டு போய் அவளுக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தேன்.