காபிக்குப் போன பதிவுகள்

யெர்கோ கிழவருக்குப் பெனிசிலின் ஆகாது. கரையிலுள்ள மருத்துவமனைக் கணினியில் அது சிவப்பில் இருந்தது. தீவு கிளினிக் கணினியில் இல்லை.

வாடைக்காற்று அடித்தால் தீவுக்கு இணைப்பு அறுந்துபோகும். அதனால் நோயாளிப் பதிவுகளின் நகல் ஒன்றை இங்கே வைத்திருந்தார்கள். கிளினிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரானே அமைத்தது. சில நிமிடங்களுக்கொருமுறை அது, 'நான் கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு மாறியவை எவை?' என்று கரையைக் கேட்டு, வந்தவற்றை எழுதிக்கொள்ளும்.

கிழவரே வாய் திறந்து சொன்னதால் நர்ஸ் டிங்கா போடவிருந்த பெனிசிலின் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஃப்ரானேயைக் கூப்பிட்டாள்.

"இவரு பேசினாரு, தப்பிச்சாரு. மயக்கத்துல வர்றவன்கிட்ட நான் எதைக் கேப்பேன்? நாளைக்குக் காத்து அடிக்குமாம். உன் நகலை நம்பலாமா, கூடாதா?"

"எல்லாம் வருதுக்கா. இது ஒண்ணு மட்டும்..."

"உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு."

ஃப்ரானே கரைப் பதிவுகளையும் நகலையும் ஒப்பிட்டான். இன்னும் சில விடுபட்டிருந்தன. எல்லாம் முற்பகலில் எழுதியவை. ஆனால் அதே நேரத்துப் பிற பதிவுகள் ஒழுங்காக வந்திருந்தன. கரையில் பதிவுகளை எழுதும் ஜகோடாவை அழைத்தான்.

"காலையில உங்க கணினி மக்கர் பண்ணுதா?"

"அதுக்கென்ன கேடு? நாங்கதான் காபிக்குப் போவோம்."

"பதிவைத் திறந்து வச்சுட்டா?"

"பின்ன? வந்து மிச்சத்தை எழுதிச் சேமிப்போம். ஒரு மணி நேரம் ஆகும். நின்னுகிட்டே குடிக்க நாங்க என்ன இத்தாலிக்காரங்களா?"

ஃப்ரானேவுக்கு விளங்கிவிட்டது. பதிவில் விழுவது அதைத் திறந்த நேரம். சேமித்தால்தான் அது வெளியே தெரியும். இடையில் நகல் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கும். அடுத்த முறை கேட்கும்போது அந்தப் பதிவின் நேரம், கடைசியாகக் கேட்டதற்கும் முந்தையதாகிவிடும். நகல் அதைக் கேட்கவே கேட்காது.

"காபியை விடச் சொல்லேன்" என்றாள் டிங்கா.

"அதுக்குக் காத்தை நிறுத்திரலாம்க்கா."

முதலில் எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை புதிதாக இறக்கினான். பிறகு, நகல் எப்போதும் கடைசியாகக் கேட்டதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மாறியவற்றைக் கேட்கும்படி மாற்றினான். மாலையில் கரையில் அலுவலகம் மூடும்போது சேமிக்காத பதிவு எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒரு நாள் போதும். வந்ததே திரும்ப வந்தாலும் கெடுதல் இல்லை: அதே எண்ணுள்ள பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும், இரட்டிக்காது.

டிங்கா கிழவரின் பெயரைத் தட்டினாள். சிவப்பில் வந்தது.