ஜெயிச்ச பாட்டு

என் ஆள் செத்துப்போனதும் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த மதியம். டிவிக்குக் கீழே மகள் வாங்கி அனுப்பிய கறுப்புப் பெட்டி, சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதற்குள் இருநூறு பழைய வீடியோ கேம் அடங்கியிருக்கிறதாம். சோபாவின் ஒரு முனையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி நான், மறுமுனையில் என் வீட்டுக்காரர். வீட்டுக்குள் இருக்கும்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தார். கழுத்தோரம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்ததிலிருந்து, இந்த இரண்டு மாதமாக அப்படித்தான். திரையில் என் ஆள் ஏணியிலிருந்து கால் தவறி விழுந்தான். உடனே அந்தப் பாட்டு வந்தது. எட்டே எட்டு ஸ்வரம், படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் ஓர் இழுப்பு. என் உடம்பில் ஊறிப்போன பாட்டு. "ஜெயிச்சிட்டேங்க!" என்று கத்தினேன். அவர் கைதட்டவில்லை. ஆட்டம் முடிந்தது என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே என் ஆள் மல்லாந்து கிடந்தான். அவன் தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டி ரிப்பேரா? தோத்ததுக்குப் போய் ஜெயிச்ச பாட்டைப் போடுது," என்றேன்.

அவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை ஆடிப் பாரு," என்றார்.

ஆடினேன். மறுபடியும் செத்தேன். மறுபடியும் அதே பாட்டு.

ஒன்பது வருஷம் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர்கள் நாங்கள். இதைச் சொன்னால், பிறகெப்படி ஒரு தடவைகூட ஆடாமல் இருந்தாய் என்று கேட்பார்கள். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டா இருக்கிறார்? பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினான்கு மெஷின். வாசலோரம், தெருவைப் பார்த்தபடி என் மேசை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் மெஷின்கள். பழுது பார்ப்பது அவர் வேலை, டோக்கன் கொடுப்பது என் வேலை. காலையில் நான் கூட்டித் துடைக்கும்போது மெஷின்கள் அணைந்து கிடக்கும். கூட்டம் வந்தபிறகு எட்டிப் பார்த்தால் முதுகுகள்தான் தெரியும். கைக்குழந்தை வேறு. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, மகளை மேசைக்கு அடியில் படுக்க வைத்திருப்பேன்.

ஆக, கடையை நான் காதால்தான் நடத்தினேன். சத்தத்தைக் கேட்டு மனசுக்குள் படம் ஓட்டிக்கொள்வேன். டொக் டொக் என்றால் குதிரை ஓடுகிறது. சடசடவென்றால் மழை. டிக் டிக் என்று எண்ணுகிற சத்தம் ஒன்றுண்டு, அதில் மட்டும் நான் ஏமாந்ததே இல்லை. ஆள் செத்தபிறகு மெஷின் பத்திலிருந்து கீழே எண்ணும். பூஜ்யம் வருவதற்குள் இன்னொரு டோக்கன் போட்டால் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம். டிக் டிக் கேட்டதுமே என் கை டோக்கன் டப்பாவுக்குப் போய்விடும். தடுப்புக்கு மேலே ஒரு கை நீளும். "அக்கா, ஒரு டோக்கன்!" எண்ணுவது எந்த மெஷின் என்று பிரித்துத் தெரியாது, முகத்தைப் பார்க்காமலே கொடுப்பேன். பஸ் கண்டக்டர்கள், டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆட்கள், காலேஜ் பசங்கள் எல்லாருக்கும் நான் அக்காதான். எனக்கு அப்பா வயசில் ஒருத்தர் வருவார், அவருக்கும் அக்காதான்.

கடைசி மூலை மெஷினில்தான் அந்த எட்டு ஸ்வரம் வரும். வரும்போதெல்லாம் ஆடுகிறவன் மெஷினை ஓங்கி அறைவான், "ஏய்" என்று கத்துவான். ஜெயித்த குஷியில் கத்துகிறான் என்று நினைத்தேன். வெளியே போகும்போது, "என்ன தம்பி, இன்னைக்கும் ஜெயிச்சாச்சு போல!" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்பேன். ஒருத்தனும் பதிலுக்குச் சிரித்ததில்லை. திமிர் பிடித்தவன்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். அவர்கள் எனக்கு 'நக்கல் அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். அது ஏன் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எனக்கு விளங்கியது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவம், தோற்றுப்போய் வருகிறவனை ஒன்பது வருஷமும் வாசலில் நிறுத்தி மானத்தை வாங்கியிருக்கிறேன். "சரி, இதுல குதிரை எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"எந்தக் குதிரை?"

"டொக் டொக்னு வருமே."

"அது அவன் ஏணி ஏறுற சத்தம்."

"மழை?"

"துப்பாக்கி."

இருந்த சிரிப்பும் போய்விட்டது. "இந்தப் பாட்டு தோத்தா வர்ற பாட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மெஷின் வந்த அன்னையிலேர்ந்து." பொத்தானை நிரடிக்கொண்டே சொன்னார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ பாப்பாவுக்கு அதைப் பாடித் தூங்க வெக்க ஆரம்பிச்சிட்ட."

உண்மைதான். அந்தப் பாட்டைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். நல்லது எது நடந்தாலும் எங்கள் வீட்டில் அதைத்தான் பாடுவோம். மகளுக்கு ஜுரம் இறங்கிய காலையில் பாடினோம். கடையை மூடியபிறகு இவருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை நிரந்தரமான அன்று பாடினோம். மகளுக்குப் பதிவுத் திருமணம். அவள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும் மூன்று பேரும் அந்த ஆபீசிலேயே பாடினோம், சம்பந்தி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் எங்கள் இருவரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவர் இவர்தான். இருபத்தெட்டு வருஷம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, உதட்டோரம் ஒரு சிரிப்பு இல்லை. மனுஷனுக்கு என்ன ஓர் அழுத்தம் என்று நினைத்தபோதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

நான் இப்போது ஒரு ரெடிமேட் துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிறேன். அவர் கட்டியில் ஊசி வைத்து எடுத்த பரிசோதனைக்கு ரிசல்ட் வியாழக்கிழமை. லீவு போடுகிறேன் என்றேன். "ஒரு காகிதம் வாங்க ரெண்டு பேரா?" என்று தனியாகப் போனார். மதியம் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். மடித்துத் தைத்துக்கொண்டிருந்த பேண்ட்டோடு ஓடினேன். "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்து அந்த எட்டு ஸ்வரத்தையும் பாடினார், கடைசி இழுப்பு வரைக்கும். யாருடைய பேண்ட்டோ, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். "ஒண்ணும் இல்லையா? ஒண்ணுமே இல்லையா?" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், போய்விட்டார். உள்ளே வந்து எல்லாரிடமும் சொன்னது நான். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னதும் நான்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டேன். பைலில் இருக்கிறது என்றார். பைல் பீரோ மேல் இருக்கிறது. நல்ல சேதிதானே, அதைப் போய் எடுத்துப் படிப்பானேன் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "எதுக்கு?" "சும்மா, பாக்கத்தான்."

வியாழனிலிருந்து இன்றுவரை அவர் பேசியதையெல்லாம் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். 'ஒண்ணும் இல்ல' என்று அவர் வாயால் ஒரு தடவையாவது சொன்னாரா? சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. எங்கள் வீட்டில் அது ஜெயிச்ச பாட்டு. அவர் எங்கள் வீட்டு மனுஷர். அப்படியென்றால் நல்ல சேதியைத்தான் பாடியிருக்கிறார். ஆனால் அது என்ன பாட்டு என்று ஆதியிலிருந்தே தெரிந்தவரும் அவர்தானே. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று சமையலறைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டேன்.

"பொட்டி வந்துதா மா? ஆடினியா?"

"ஆடினேன். அந்தப் பாட்டு இருக்குல்ல..." என்று இழுத்தேன்.

"கண்டுபிடிச்சிட்டியா!" ஒரே சிரிப்பு. "எனக்கு எட்டு வயசுல தெரியும்மா. ஸ்டூல் போட்டு அந்த மெஷின்ல ஆடியிருக்கேன். அப்பாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. மெஷின்ல அது என்னவா வேணா இருக்கட்டும், நம்ம வீட்ல அது ஜெயிச்ச பாட்டுதான்னாரு."

அதைக் கேட்டதும் அப்பாடா என்றிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும். போனை வைத்திருக்கலாம். வைக்காமல், "திடீர்னு இந்தப் பொட்டியை ஏன் வாங்கி அனுப்பின?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் எங்க? அப்பா கேட்டாரு. இதுவரைக்கும் என்கிட்ட இது வேணும்னு ஒண்ணு கேட்டிருக்காரா மனுஷன்? உங்கம்மா ஒரு தடவையாவது ஆடிப் பாக்கட்டும், சீக்கிரமா அனுப்புன்னாரு."

"எப்போ கேட்டாரு?"

"வியாழக்கிழமை. நீ ரிசல்ட் சொல்லப் போன் பண்ணினியே, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

"உன்கிட்ட ரிசல்ட்டைப் பத்தி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையே. நீதானே சொன்ன?" அவள் குரல் மாறியது. "அம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல, அடுப்புல பால் இருக்கு," என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. 'ஒண்ணும் இல்ல' என்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டே அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த மனுஷரால் அதைச் சொல்ல முடியவில்லை. உண்மையைப் பாட்டாகச் சொல்லிப் பார்த்தார், நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அப்படி நான்தான் பிடித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் பாடினாரா? அப்புறம் எதற்குப் பெட்டி? அல்லது ஒரு மண்ணும் இல்லை, ரிட்டயர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதானா? எதைப் பிடித்தாலும் அதன் மறுமுனை வேறெங்கோ போனது.

திரும்பி வந்தபோது அவர் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் பெட்டியில் மாட்டியிருந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம், உக்காரு," என்றார். உட்கார்ந்தேன். அவர் ஆள் நீலச் சட்டை, என் ஆள் மஞ்சள். மெஷினைச் சோதித்துப் பார்க்க மட்டும்தான் ஆடுவேன் என்பார் அந்தக் காலத்தில். என்ன ஆட்டம் ஆடினார்! நீலச் சட்டைக்காரன் முன்னால் போய் வழியிலிருக்கிற பூச்சியையெல்லாம் ஒழித்துவிட்டு, ஒவ்வோர் ஏணிக்குக் கீழேயும் எனக்காக நின்றான். "பயப்படாத, குதி," என்றார். குதித்தேன். நான் விழப் போகிற இடத்தில் அவர் வந்து நின்று குண்டை வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரியாத தேசத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் பீரோ. பீரோ மேல் பைல். என் கண் திரைக்கும் அதற்குமாகப் போய்ப் போய் வந்தது.

"எங்க பாக்கற? மேல ஏறு," என்றார்.

"ஏங்க," என்றேன். "வியாழக்கிழமை நீங்க பாடினீங்களே. அது வீட்டுப் பாட்டா, மெஷின் பாட்டா?"

அவர் கை நின்றுவிட்டது. நீலச் சட்டைக்காரன் ஏணியின் நடுவில் அப்படியே நின்றான். மேலிருந்து ஒரு பீப்பாய் உருண்டு வந்தது. நகரலாம், நேரம் இருந்தது. அவர் நகர்த்தவில்லை. எட்டு ஸ்வரமும் ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் இழுத்து ஓய்ந்தது. பிறகு டிக் டிக் என்று எண்ண ஆரம்பித்தது.

டோக்கன் போடுவதற்குப் பதிலாக இந்தப் பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன் வைத்திருக்கிறார்கள். அது முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான் இருக்கிறது. என்னுடையதில்.

ஒன்பது. எட்டு. அவர் என் பக்கம் திரும்பினார். கழுத்துப் பொத்தான் எப்போது அவிழ்ந்ததென்று தெரியவில்லை, சட்டை விலகியிருந்தது. சிரிக்கப் பார்த்தார், பாதிதான் வந்தது. ஏழு. எங்கள் இருவருக்கும் நடுவில் தடுப்பு இருக்கிற மாதிரி, கையை உயரத் தூக்கி அதற்கு மேலாக என் பக்கம் நீட்டினார்.

"அக்கா," என்றார். "ஒரு டோக்கன்."

ஆறு. பட்டன் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. என் இன்னொரு கையோ சோபாவின் ஓரத்தில், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்ட கடையின் டோக்கன் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தது.