கைப்பிரதியில் என் புருஷன் கால்

என் புருஷன் சிறில் செத்து நாலு மாதமாகிறது. அவர் கால் சுகமாகிவிட்டது என்று அச்சடித்த கைப்பிரதியை ஞாயிறு தவறாமல் பெல்மதுளை பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டால் என்னைப் பிடித்து நாலு அறை விடலாம் போல உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிறில் எங்கள் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டினவர். சீனி வருத்தக்காரர். மலையில் ஒரு கட்டை குத்தி வலது கால் புண்ணாகி, பெருவிரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறத் தொடங்கியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டுக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார், தேதியும் கொடுத்தார். நாங்கள் சபையில் மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். நாலாம் நாள் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம். சுகம் வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வந்துவிட்டது என்று முதலில் சொல்ல வேண்டும், சொன்னால் வரும். நானும் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். என் வாயைப் பற்றித் தோட்டத்துக்கே தெரியும், சபையே அழுதது. ஊழியம் செய்கிற டெனிஸ்டன் பிரதர் போனில் காலைப் படம் எடுத்தார். 'சிறிலின் கால் வெட்டப்படவில்லை! மனைவி தெரேசம்மாவின் சாட்சி' என்று தலைப்புப் போட்டு ஐயாயிரம் பிரதி அடித்தார். ஆஸ்பத்திரித் தேதி அப்படியே போனது.

கைப்பிரதிக் கட்டு வந்து இறங்கிய கிழமை சிறிலுக்குக் காய்ச்சல் தொடங்கியது. பொருக்குக்குக் கீழே சீழ் வைத்திருந்தது. ஏழாம் நாள் ஆள் இல்லை.

அடக்கம் முடிந்து வருகிற வழியில் பக்கத்து வீட்டு மூக்காயி என் முகத்துக்கு நேரேயே, "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாப் போச்சே, தெரேசு" என்றாள். வேறு நாளாக இருந்தால் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். கோபம் என் கூடப் பிறந்தது. அன்றைக்கு அதுகூட வரவில்லை. "ஒன் வீட்டுல சீனி இருக்கா, தேத்தண்ணி போடணும்" என்று அவளையே கேட்டேன்.

அதன்பிறகு எதுவும் வரவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். டெனிஸ்டன் வந்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டார். கைப்பிரதி இன்னும் மூவாயிரத்துக்கு மேல் கிடந்தது.

"சாட்சி சொன்ன வாயால மறுத்துப் பேசக் கூடாதுக்கா" என்றார். "புண்ணு காஞ்சது நெசந்தானே? நம்ம கண்ணால பாத்தோமே. அதுக்குப் பொறகு நடந்தது தேவ சித்தம்."

கெட்ட பிள்ளை இல்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட புண்ணை அவர் உட்கார்ந்து கழுவினவர். அவர் சொன்னதை நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும், இங்கே வந்தால் பஸ்ஸைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

கைப்பிரதி கொடுப்பதும் ஒரு வேலைதான். பஸ்ஸை விட்டு இறங்குகிறவனிடம் நீட்டக் கூடாது, அவன் மூத்திரத்துக்கு ஓடுவான். பஸ்ஸுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்து, இன்னும் பஸ் எடுக்காமல் வேர்த்துக்கொண்டிருக்கிறவனிடம் நீட்ட வேண்டும். அவனுக்கு விசிறிக்கொள்ளவாவது ஒரு தாள் தேவைப்படும். மாணிக்கக் குழிக்குப் போகிறவர்கள் நல்லபடி வாங்குவார்கள். எந்தச் சாமியாவது கல்லைக் காட்டாதா என்று பார்க்கிற ஆட்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு த்ரீவீல்காரச் சிங்களப் பையன் அரைகுறைத் தமிழில் வம்புக்கு இழுத்தான். "அக்கே, சொர்க்கத்துக்கு த்ரீவீல் போகுமா? எவ்வளவு எடுக்கலாம்?"

"போகும்டா தம்பி. உன் மீட்டர்தான் அங்க செல்லாது" என்றேன். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். வாய் தன்பாட்டில் வேலை செய்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். புருஷன் பெண்சாதி. அவருக்கு ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும், குடையை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பாதத்தில் பழைய சாரத்துணி சுற்றியிருந்தது. அவள் தோளில் ஒரு பை, கையில் நாலாய் மடித்த கைப்பிரதி. மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"இதுல இருக்கிற தெரேசம்மா யாருங்க?" என்று பக்கத்தில் நின்ற டெனிஸ்டனைக் கேட்டாள்.

"இந்த அக்காதாங்க" என்று என்னைக் காட்டினார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பேரு விஜயகலா, அக்கா. நாங்க கலவான பக்கம், கொழுந்துத் தோட்டம். இவரு எங்க வீட்டுக்காரரு, இராமசாமி. இவருக்கும் சீனிதான். காலு இப்புடித்தான். இன்னைக்குப் பின்னேரத்துக்குள்ள இரத்தினபுரி வார்டுல நிக்கணும், நாளைக்குக் காலையில எடுக்குறாங்க. முந்தின தேதிக்கும் போகாம டிமிக்கி குடுத்துட்டாரு. எல்லாம் இந்தத் தாளாலதான். தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்குறாரு."

"அவ கெடக்குறா" என்றார் இராமசாமி. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா, நான் இந்துங்க. ஆனா எந்தச் சாமி செஞ்சாலும் சாமிதானே? எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்தக் காலை ஒரு தடவ கண்ணால பாக்கணும். ஐயா வந்திருக்காருங்களா? இல்லாட்டி எந்தத் தோட்டம்னு சொல்லுங்க, போய்ப் பாக்குறோம். பாத்துட்டா நான் வீட்டுக்குத் திரும்பிருவேன். வெட்ட விடமாட்டேன். இந்தக் கால வச்சுத்தான் மல ஏறிச் சோறு தின்னேன்."

விஜயகலா அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு என்கிற ஆட்டம்.

டெனிஸ்டன் நடுவில் வந்தார். "ஐயா, கண்ணால பாத்துத்தான் நம்பணும்னு இல்லீங்க. மொதல்ல நம்புங்க. இங்கயே ஜெபம் பண்ணுவோம், உக்காருங்க."

இராமசாமியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். இராமசாமி சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கைகட்டிக் கண்ணை மூடினார். டெனிஸ்டன் அவர் தலையில் கையை வைத்தார். நான் காலடியில் நின்றேன். அந்தச் சாரத்துணிக்குள்ளிருந்து வாடை வந்தது. மேலே மருந்து வாடை, அதுக்குக் கீழே இன்னொன்று. எங்கள் வீட்டில் அது பாயில், தலையணையில், சோற்றில்கூட இருந்தது. நாலு மாதமாகக் கழுவிக் கழுவி இப்போதுதான் போயிருக்கிறது.

எனக்குப் பயம் வந்தது. பயம் என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது.

"பிரதர், கைய எடுங்க" என்றேன்.

டெனிஸ்டன் கண்ணைத் திறந்தார். "அக்கா, வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"கைய எடு தம்பி!" என்று கத்திவிட்டேன். த்ரீவீல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இராமசாமியும் கண்ணைத் திறந்தார். அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னேன். "அண்ணே, அவரு செத்துட்டாரு. நாலு மாசமாச்சு."

அவருக்கு விளங்கவில்லை. தாளில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்ப காலு? காலு நல்லாயிருச்சுன்னு..."

"மேல காஞ்சிச்சு. உள்ள அழுகிச்சு."

"காலு இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு. ரெண்டு காலும் இருந்துச்சு. அதோடதான் பொதைச்சோம்."

விஜயகலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அட பாவி! செத்த மனுசன் கால வச்சுக்கிட்டா இதக் குடுத்துக்கிட்டு இருக்க? எம் புருஷன் ரெண்டு மாசமா இதப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தானே!" அவள் பேசியதை எல்லாம் இங்கே சொல்ல முடியாது. பேசட்டும் என்று நின்றேன். ஒவ்வொன்றும் வலித்தது. டெனிஸ்டன் கைப்பிரதிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் வாய் கோணியது, சின்னப் பிள்ளை அழப்போகிற மாதிரி. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

இராமசாமி குடையைப் பிடித்து எழுந்து நின்றார். இரத்தினபுரி பஸ் ஒரு பக்கம், கலவான பஸ் ஒரு பக்கம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விஜயகலா ஏச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் இரத்தினபுரி பஸ் பக்கம் காலை இழுத்தார்.

பஸ் படி உயரம். அவள் மேலே நின்று கக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள், முடியவில்லை. நான் ஓடிப்போய்க் கீழே குந்தி, அந்தத் துணி சுற்றிய காலை இரண்டு கையாலும் ஏந்திப் படியில் வைத்தேன். நெருப்பாய்ச் சுட்டது. கொண்டக்டர் "நகின்ட, நகின்ட" என்று ஏறச் சொல்லித் தகரத்தைத் தட்டினான்.

இராமசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, ஒரு வார்த்த. ஒங்க வீட்டுக்காரரு, அவரேதான் வெட்ட வேணாம்னாரா?"

"இல்லண்ணே. அவரு பைய அடுக்கி வச்சுட்டாரு. போறேன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. சாட்சி சொல்லிட்டேனே, இனிப் போனா சனம் சிரிக்கும்னேன்."

"போயிருந்தா இருந்திருப்பாரா?"

பஸ் நகரத் தொடங்கியது. நானும் கூடவே நடந்தேன்.

"இருந்திருப்பாருண்ணே. பால் வெட்டப் போயிருக்க மாட்டாரு. ஒத்தக் கால நீட்டி வாசல்ல உக்காந்துக்கிட்டு, இந்நேரம் எங்கடி போய்த் தொலஞ்சன்னு என்னைய ஏசிக்கிட்டு இருந்திருப்பாரு."