மோப்பம் டீச்சர்

இரண்டு வரைபடங்களும் சாப்பாட்டு மேசையை முழுதாக மூடிக்கிடந்தன. சுருண்டுவிடாமல் இருக்க ஒன்றின் மேல் சர்க்கரை டப்பாவையும் மற்றதன் மேல் கணவனின் கண்ணாடிக்கூட்டையும் வைத்திருந்தாள். பள்ளியின் புது வேதியியல் ஆய்வகத்துக்கு இதில் எது என்று நாளை அவள்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது அழகு. மேசைகள் தீவுகளாக நடுவில் நின்றன. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வேலை செய்யலாம். ஆனால் அவசரத்தில் வெளியே ஓட ஒரே கதவு. இரண்டாவதில் மேசைகள் சுவரை ஒட்டி ஓடின. அவளுக்கு முதுகுகள்தான் தெரியும். ஆனால் நடுவே தாராளமாக இடம், இரண்டு கதவுகள், எந்த மூலையிலிருந்து வந்தாலும் கைக்கு எட்டுகிற கண் கழுவும் குழாய். ஒவ்வொன்றாகப் பென்சிலால் ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள் பாதுகாப்புப் பக்கத்தில் நின்றுவிட்டாள். எல்லாவற்றிலும் வேறுபட்ட இரண்டு வரைபடங்களும் அந்த ஒரு வரியில் மட்டும் ஒத்துப்போயிருந்தன. ‘வாயுக் கசிவைக் கண்டறிதல்: ஆசிரியர்.’

ஆசிரியர் என்றால் அவள். அவள் என்றால் அவளுடைய மூக்கு.

வராந்தாவில் வரும்போதே “யாரது, கடைசி மேசை, கேஸ் குழாயை மூடு!” என்று குரல் கொடுக்கிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மோப்பம் டீச்சர். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆய்வகத்தை வாங்கிக்கொண்டு கரும்பலகையோடு நிறுத்திவிடுவார்கள். முதல்முறை நீலச் சுடரைப் பற்றவைத்துவிட்டு ஒரு குழந்தை நிமிர்ந்து பார்க்குமே, அந்தப் பார்வைக்காகத்தான் அவள் இத்தனை வருடங்களும் காலையில் எழுந்திருக்கிறாள். அது இல்லாத தன்னை அவளுக்கு அறிமுகமே இல்லை.

அதனால் வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுப் பார்த்தாள். அது போதாது என்பது அவளுடைய விரல்களுக்கே தெரியும்.

“என்ன டீச்சரம்மா, எது பாஸ்?” அடுப்படியிலிருந்து கணவன் கேட்டான். பஸ் டிரைவர். மாலையில் சமையல் அவனுடையது.

“ரெண்டும் ஃபெயில்.”

“அடப்பாவமே! மறுபடி எழுதச் சொல்லு.”

“கேஸ் கசிஞ்சா நான் கண்டுபிடிப்பேன்னு எழுதியிருக்காங்க, ரெண்டுலயும்.”

கரண்டிச் சத்தம் நின்றது. அவன் அடுப்பை அணைத்தான். பிறகு வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிலிண்டரையும் மூடினான். மாதக்கணக்காக அவன் இப்படிக் குனிவதைப் பார்த்திருக்கிறாள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் டிரைவரின் பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

“இதை எப்பலேருந்து மூடறீங்க?”

“அடிப்பிடிச்ச பால்ல போட்ட காபிய நல்லாருக்குன்னு சொல்லிக் குடிச்சியே, அன்னிலேருந்து.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. “ஏன் கேக்கல?”

“எங்க இறங்கணும்னு நீதானே சொல்லணும்? நான் வண்டிய மெதுவா ஓட்டிட்டிருந்தேன்.”

“சொன்னா லேபை எடுத்துருவாங்க.”

“எடுத்தாலும் எடுப்பாங்க,” என்றான். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல அவனுக்கு வராது. “பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்சே நான் வண்டிய எடுத்தா என்னை என்ன பண்ணுவ?”

“கொன்னுடுவேன்.”

“ம்.” அவன் சர்க்கரை டப்பாவைத் தூக்கினான். வரைபடம் சுருண்டுகொண்டது.

மறுநாள் பழைய ஆய்வகத்தில் மூன்று பேர். தலைமையாசிரியை, வரைபடம் போட்ட இளம்பெண், அவள்.

“ரெண்டாவது பிளான்தான்,” என்றாள் இளம்பெண்ணிடம். “ஆனா காத்துப்போக்கி எல்லாத்தையும் மேல வச்சிருக்கீங்க. இந்த கேஸ் கனம்மா. மேல ஏறாது. பூனை மாதிரி தரையோரமா வந்து படுத்துக்கும். வெளிய போற வழி கீழ வேணும். கசிவைச் சொல்ற கருவி ஒண்ணும் வேணும்.”

“கருவி எதுக்கு?” தலைமையாசிரியை சிரித்தார். “நம்ம மோப்பம் டீச்சர் இருக்கும்போது?”

அந்தப் பெயர் இவர்வரை வந்துவிட்டதா! சிரித்துக் கடந்துவிடலாம். கருவி நவீனமானது, நாலு பேர் மெச்சுவார்கள் என்று சொன்னாலே வாங்கிவிடுவார்கள். ஆனால் அது வரும்வரை இந்த அறையில் பிள்ளைகளுக்கும் கசிவுக்கும் நடுவில் இருப்பது அவள் மட்டும்தான். அந்தக் காவல் இப்போது இல்லை என்று இந்தப் பள்ளியில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அந்த மூக்கு இப்ப வேலை செய்யல மேடம். போன வருஷக் காய்ச்சல்லேருந்து.”

தலைமையாசிரியையின் சிரிப்பு மெல்ல வடிந்தது. “இத்தனை நாளா?”

“ஆமா.”

அவர் சுவரோரம் நடந்து மொத்த வாயுவுக்கான வால்வை மூடிப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

“புது லேப் வர்ற வரைக்கும் இங்க நெருப்பு கிடையாது. மின் அடுப்புல என்ன முடியுமோ அதை மட்டும் செய்யுங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “செய்யுங்கன்னுதான் சொல்றேன், டீச்சர். லேபை வேற யாருக்கும் கொடுக்கப் போறதில்ல. ஆனா எனக்குக் கோபம் இருக்கு. அது தனி.”

அவர் போன பிறகும் இளம்பெண் தயங்கி நின்றாள். “கருவி எந்த உயரத்துல வரணும் மேடம்?”

அவள் தரையில் மண்டியிட்டுச் சுவரில், கணுக்காலுக்குச் சற்று மேலே, சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

மாலை வீட்டுக்கு வந்தவள் ஆய்வக மேலங்கியைக் கழற்றினாள். துவைக்கப் போடாமல் கணவனிடம் நீட்டினாள்.

“என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க.”

அவன் கேள்வி கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். “சாக்பீஸ். கொஞ்சம் வினிகர். அப்புறம்... எரிஞ்ச தீக்குச்சி.”

“இன்னிக்கு நெருப்பே பத்தவைக்கலையே.”

“அப்ப இது பழசு. நூலுக்குள்ள ஊறியிருக்கு.”

அவள் அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள். “இன்னும் சொல்லுங்க.”