வெலெபிட்டின் மறுபக்கம்

என் மாமியார் ஃபூமிட்சாவுக்கு மலை ஏறும் ஆசை வந்தது, மாமா இறந்த மறு வருஷம். அதுவரை அவர் எங்கள் ராப் தீவைத் தாண்டிப் போனதெல்லாம் பல் டாக்டரிடமும் சொந்தக்காரர்களின் சாவுக்கும்தான்.

லோபாரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் வெலெபிட் மலை தெரியும். வெயிலில் வெளுத்துப்போன நெடும் சுண்ணாம்புப் பாறை. பேருக்கு ஒரு புல் கிடையாது. அதன் உச்சியில் மேகம் வந்து படுத்தால் 'பூரா' என்கிற வாடைக்காற்று அடிக்கப்போகிறது என்று அர்த்தம். துணிகளை உள்ளே எடுத்துவிடுவோம். அந்த மலையால் எங்களுக்கு ஆகிற உபயோகம் அவ்வளவுதான்.

"அந்த மலை மேல ஸாவிழானுக்குப் போகணும்டி. நீதான் வண்டி ஓட்டணும்" என்றார், மத்தி மீனைக் கழுவிக்கொண்டே.

"அங்க என்ன அத்தை இருக்கு? வெறும் கல்லு."

"இந்தப் பக்கம்தான் கல்லு. அந்தப் பக்கம் பூராவும் காடாம்."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

எண்ணெய்க் கப்பலில் வேலை செய்யும் என் கணவர் ஸ்வானே போனில், "அம்மாவோட முட்டி தாங்குமா நேவியா?" என்று கவலைப்பட்டார். "முட்டி என்னுது, அவன் கப்பலைப் பாக்கச் சொல்லு" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

ஜூன் மாதத்து விடிகாலையில் படகில் காரை ஏற்றி எதிர்க்கரையில் ஸ்டினிட்சாவில் இறங்கினோம். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. கடல் கீழே கீழே போனது. ஒரு கணவாயைத் தாண்டியதும் பாறை முடிந்து காடு தொடங்கியது. பீச் மரங்களும் ஃபர் மரங்களும் ரோட்டின் மேல் கவிந்து, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டு ஈர மண் வாசனையை இழுத்தார்.

"பொய் சொல்லல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தேசியப் பூங்கா வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். சாந்து பூசாமல் கல்லோடு கல் அடுக்கிப் போட்ட பழைய பாதை அது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோபுரங்கள், நடுநடுவே பாதாளக் குழிகள். அடியில் இன்னும் பனி கிடந்தது. ஆனாலும் பாதை என்னவோ மாடு நடக்கிற அளவுக்குச் சமமாகத்தான் இருந்தது. அத்தை ஆயுசில் முதல் தடவையாகக் கால்சட்டை போட்டிருந்தார், என்னுடையது. மேலே விதவைக் கறுப்புச் சட்டை.

எதிரே வயதான ஆண் யார் வந்தாலும் அத்தையின் நடை தயங்கியது. முகத்தைப் பார்ப்பார், வணக்கம் சொல்வார், மறுபடி நடப்பார்.

"யாரைத் தேடுறீங்க அத்தை?"

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "யோசோன்னு ஒருத்தன். இந்த மலைக்குப் பின்னால க்ராஸ்னோ அவன் ஊரு. எனக்குப் பத்தொம்பது வயசு. எங்க ஊர்ல ஓட்டல் கட்டினப்போ கொத்து வேலைக்கு வந்தான். குளிருக்கு முன்னாடி வந்து எங்கப்பாகிட்டப் பேசுறேன்னு சொல்லிட்டுப் போனான்."

"வரல?"

"வரல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு நாளும் கேட்டதில்ல. நல்ல மனுஷன்."

இன்னும் கொஞ்ச தூரத்தில் பாதையைச் செப்பனிடும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் நரைத்தவர் ஒருவர் மண்டியிட்டுக் கல் பதித்துக்கொண்டிருந்தார். "பாத்து வாங்கம்மா, அந்தக் கல்லு இன்னும் உக்காரல" என்றார் நிமிராமல்.

அந்தக் குரலைக் கேட்டு அத்தை நின்றுவிட்டார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார் அவர்.

"லோபார்."

"லோபாரா! ஒரு கோடை முழுக்க அங்க செங்கல் சுமந்திருக்கேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எங்கப்பா தோட்டத்துல தக்காளி திருடித் தின்னுட்டு, கிளி கொத்துச்சுன்னு சொன்னியே. எங்க தீவுல ஏதுடா கிளி?"

அவர் கையிலிருந்த சுத்தியல் கீழே போனது. எழுந்து தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் பார்த்தார். "ஃபூமிட்சா" என்றார்.

நான் தள்ளிப்போய்ப் பூவைப் பார்ப்பதுபோல் நின்றேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். அவர் பையிலிருந்து ரொட்டியும், கடித்தால் பல்லில் கிரீச்சிடும் அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியும் எடுத்து வெட்டிக் கொடுத்தார். அத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் வரல?"

"வந்தேன். நவம்பர்ல. உங்க தீவுக்கு எதிர்க்கரை, யப்லானட்ஸ் துறை வரைக்கும் வந்தேன். பூராக் காத்து அடிச்சுது. படகை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. காத்து நிக்கும் நிக்கும்னு ஒரு வலைக் கொட்டகையில படுத்துக் கிடந்தேன். நிக்கல. பட்டாளத்துல சேர வேண்டிய நாள் வந்துடுச்சு. மாசிடோனியாவுல போட்டாங்க. திரும்பி வந்து விசாரிச்சேன், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னாங்க."

அத்தை மடியிலிருந்த பாலாடைக்கட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "அந்தக் காத்து எனக்கு ஞாபகம் இருக்கு. எங்க ஆட்டுக் கொட்டகைக் கூரையையே தூக்கிட்டுப் போச்சு. ரொட்டி வண்டியில ஏறி எங்க தீவுப் பக்கத் துறைக்கு வந்தேன். எதிர்க்கரை தெரியுதான்னு பாத்தேன். கடல் மேல உப்புப் புகையாத்தான் இருந்துச்சு."

"நீ அங்க நின்னியா?"

"நின்னேன்."

அவர் தொப்பியை மடித்தார், பிரித்தார். பிறகு, "ஏன் எழுதலன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"நானுந்தான் எழுதல. ரோஷம்."

"வீட்ல?" என்று அத்தையே அடுத்துக் கேட்டார்.

"இருக்கா. நல்லவ. இந்நேரம் உருளைக்கிழங்குக்கு மண் அணைச்சிட்டிருப்பா."

தூரத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்: "யோசோ! பொம்பளைங்களக் கண்டா கல்லு தானா நடந்து வருமா?"

"வாய மூடுடா கழுதை!" என்று இவர் திருப்பிக் கத்தினார். பாதை வளைவு வரை எங்களோடு வந்து கீழே கையைக் காட்டினார். கடலில் எங்கள் தீவு வெறும் மொட்டைக் கல்லாகக் கிடந்தது.

"இங்கேர்ந்து பாத்தா அங்க மனுஷன் இருக்கிறதே தெரியல" என்றார் அத்தை.

"எனக்குத் தெரியும்" என்றார் யோசோ. "மறுபடி வருவியா?"

அத்தை அவர் கையைப் பிடித்தார். சுண்ணாம்புத் தூசி படிந்த கை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டார்.

திரும்பி வரும்போது படகில் நான் காப்பிக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. பின்தளத்துக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்.

"நம்பர் வாங்கினீங்களா அத்தை?"

"எதுக்கு? அந்தப் பொம்பளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கரை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக எஞ்சினைக் கிளப்பினார்கள்.

"நேவியா, ஏமாத்திட்டான்னு இத்தன வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது சுலபமா இருந்துச்சுடி. கோவம் இருந்தா சோறு பொங்கலாம், புள்ள பெத்துக்கலாம். அப்ப அவன் வந்திருந்தான்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே அவன நினைக்காம எப்படி இருப்பேன்?"

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பாலாடைக்கட்டித் துண்டை எடுத்தார், பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார், மீதியை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.